சிவக்காத தாள்

பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுங்கும் சக்தியும் போன பிறகு, சீனிவாசராகவனுக்குச் சாப்பாடு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான். மல்லேஸ்வரம் வீட்டில் மனைவி ருக்மிணிதான் ஊட்டுவாள். ஒவ்வொரு முறையும் குழாயிலிருந்து கொஞ்சம் நீரைச் சிரிஞ்சால் இழுத்துச் சோதனைத் தாளில் விட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பவுலின் அதைப் பழக்கியிருந்தாள்.

"வயித்துல ஆசிட் ஜாஸ்தி மேடம், தாள் சிவக்கும். தொண்டை, நுரையீரல், குடல்ல எல்லாம் அவ்ளோ கிடையாது. பச்சையாச்சுன்னா ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

அன்று காலை மறுபடியும் தாள் பச்சையானது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் பச்சை. ராகிக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. பவுலினுக்குப் போன் செய்தாள்.

பவுலின் வந்து பார்த்தாள். குழாய் மேலேறித் தொண்டையில் நின்றிருந்தது. புதுக் குழாயை இறக்கிச் சோதித்ததும் தாள் சிவந்தது. கஞ்சியும் இறங்கியது. ருக்மிணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அடிக்கடி நழுவறதே, ஏன்?"

பவுலின் தயங்கினாள். "நழுவல மேடம். குழாயை மூக்கோட ஒட்டின பிளாஸ்டரை ஓரத்துலேருந்து உரிச்சிருக்காங்க. ராத்திரில அவர் இடது கையைக் கட்டி வைங்க. பாவம்தான், வேற வழி இல்ல."

வீட்டில் வேறு யாரும் இல்லை. பவுலின் போனதும் ருக்மிணி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, நீங்கதான் இழுத்தேளா?"

ஆமாம் என்பதற்கு அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பது வழக்கம். மூடித் திறந்தார்.

"போறும்னு இருக்கா?"

மறுபடி மூடினார். இந்த முறை திறக்க நேரமாயிற்று. இமையோரம் ஈரம் கசிந்தது.

"அப்போ நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

அதற்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. ஊட்டாமல் விட்டால் அவர் கேட்டதைக் கொடுத்ததாகும், கொன்றதாகவும் ஆகும். அதற்கு அவளுக்கு மனம் துணியவில்லை.

இருட்டியதும் அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, இடது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு முடிந்தாள். இறுகிவிடக்கூடாதென்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் அவள் எது கேட்டாலும் அவர் கண்ணால் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.