வாய்வழி அனுமதி

1.

இந்தக் கதை எனக்கு பல துறைகள் இயங்கும் ஓர் அரசு அலுவலகத்தின் மர பெஞ்சில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட என் தலையில் கட்டப்பட்டது என்பதே சரி. வீட்டு வரைபட ஒப்புதலுக்காகப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் கதை எழுதுகிறவன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், தன் குடும்ப விஷயத்தைக் கொட்டத் தொடங்கினார். முன்பின் தெரியாதவனிடம் எதற்கு இவ்வளவு விவரம் என்று அப்போதே எனக்கு உறுத்தியது. உறுத்தல் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'வெளிநாட்டு முதலாளிகளின் செப்புச் சுரங்கத்தில் வேலை நின்றிருந்தது. குழியில் தண்ணீர் மெல்ல மெல்ல—'

[விட்டுவிட்டேன். குழியிலிருந்து ஆரம்பித்தால் நீங்கள் கம்பெனிக்காக உச்சுக் கொட்டுவீர்கள்.]

அடுத்து:

'தேர்தல் மேடையில் வேட்பாளர் மைக்கைப் பிடித்து, நம் மண்ணை நமக்கே—'

[இதுவும் வேண்டாம். கை தட்டிவிடுவீர்கள்.]

ஆகவே பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த மனிதரிலிருந்தே தொடங்குகிறேன். சுரங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பெர்மிட்'. கம்பெனிக்கு வேண்டிய அனுமதிகளுக்காக அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவதே அவர் வேலை. உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு சுரங்கத் துறையில் தூங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் முடியட்டும் என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் தப்பித்துக்கொள்ள வேண்டுமல்லவா?

சுரங்க வேலையை நிறுத்தலாம், ஊற்றை நிறுத்த முடியாது. தண்ணீர் இறைக்கப் பம்பு ஓடினால் உரிமம் இல்லாமல் சுரங்கம் நடத்தியதாக வழக்கு. ஓடாவிட்டால் குழி மூழ்கும். மூழ்கிய குழியைக் கைவிடப்பட்டது என்று அறிவித்து வேறொருவருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வேறொருவர், மேடையில் மண்ணைப் பற்றிப் பேசிய அதே வேட்பாளரின் மருமகன் என்று பேச்சு.

கோப்பு தூங்கிய மேசை பெர்மிட்டின் மச்சானுடையது. அதாவது, மனைவியின் அண்ணன்.

[அதானே பார்த்தேன் என்கிறீர்கள். வெளிநாட்டு மேலாளரும் தன் மொழியில் அதைத்தான் சொன்னாராம்: இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு கோப்பை இழுத்தடிக்கிறார்கள். குழி மூழ்கினால் பெர்மிட்டுக்கும் வேலை இல்லை என்று அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.]

3.

ஞாயிற்றுக்கிழமை பெர்மிட் மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார். மச்சான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, பம்பைப் போடச் சொல்லுங்க. தண்ணி இறைக்கிறத யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"எழுதிக் குடுத்துருங்களேன் மச்சான். ஒரு வரி போதும்."

வேண்டுமென்று கேட்கவில்லை. தொழில் வாயில் வந்துவிட்டது. எந்த அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் 'எழுத்துல குடுங்க சார்' என்பது அவருக்கு இருமல் மாதிரி. தான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதும் எழுத்தில் கேட்டிருப்பார் என்று மனைவி கிண்டல் செய்வதுண்டு.

மச்சான் டிவியை அணைத்தார்.

"நான் உங்ககிட்ட ஆபீசராவா பேசினேன்?"

[இந்த மச்சான் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவருக்கு ஒரு தங்க மோதிரம் போட்டேன். லஞ்சக்காரர் ஆகிவிட்டார். கழற்றினேன், உத்தமர் ஆகிவிட்டார். இப்போது அவர் விரல்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.]

4.

திரும்பும்போது காரில் மனைவி வெளியே பார்த்தபடியே வந்தார்.

"எங்கண்ணன் உங்கள மாட்டிவிடுவாருன்னு நெனக்கிறீங்க."

"அப்படி நான் சொல்லல."

"சொல்லல. எழுதிக் கேட்டீங்க."

"நாளைக்குக் கேஸுன்னு வந்தா, யாரு போடச் சொன்னதுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"எங்கண்ணன்தான் சொன்னாருன்னு சொல்லுவீங்க." இப்போதுதான் திரும்பினார். "அவருக்கும் அதான் பயம்."

மச்சானும் தன்னைச் சந்தேகப்படலாம் என்று பெர்மிட் அதுவரை நினைத்ததே இல்லை. அப்படித்தான் என்னிடம் சொன்னார். நம்பினேன். ஓரளவு.

5.

பெஞ்சில் என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் போன் அடித்தது. சுரங்கத்து ஃபோர்மேன். குரல் எனக்கே கேட்டது.

"சார், தண்ணி மோட்டார் மேடையத் தொட்டுருச்சு. இன்னிக்கி விட்டா மோட்டாரே முங்கிடும். போடவா, வேணாமா?"

பெர்மிட் அதே மாடியில் இருந்த மச்சானின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்று போனில் சொல்லியபடி படியிறங்கிப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

முடிவு ஒன்று: பம்பு ஓடியது, யாரும் வரவில்லை, மச்சான்—

முடிவு இரண்டு: பம்பு ஓடியது. மறுநாளே கேமராவோடு ஒரு ஜீப்—

முடிவு மூன்று: போடவில்லை. குழியும் போயிற்று, வேலையும் போயிற்று, மனைவி அண்ணன் வீட்டுக்கு—

[மூன்றையும் நிறுத்திவிட்டேன். எதை முடித்தாலும் மச்சானுக்கு நான் தீர்ப்பு எழுதியவன் ஆவேன்.]

6.

இன்று காலை இதைச் சுத்தப்பிரதி எடுக்கும்போதுதான் உறைத்தது. அவர் ஏன் என்னைப் பிடித்தார்? 'பம்பைப் போடச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.' மச்சான் எழுதித் தர மறுத்த அதே வரி, மூன்றாம் பகுதியில், என் கையெழுத்தில் இருக்கிறது.

அந்த வரியை அடித்துவிடலாம். அடித்தால் மச்சான் தப்பிப்பார், பெர்மிட் தனியாக மாட்டுவார். விட்டால், தங்கை வீட்டுக்காரரை நம்பி வாய் திறந்ததற்கு மச்சான் மாட்டுவார். எனக்கென்ன, கதைதானே, கற்பனை என்று சொல்லிக் கழன்றுகொள்வேன்.

ஆனால் நீங்கள் அந்த வரியைப் படித்துவிட்டீர்கள். யாராவது வந்து, மச்சான் அப்படிச் சொன்னாரா என்று கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?