தைல வாசம்

தான் கெடுத்ததை அடுத்தவர் தலையில் கட்ட வாயைத் திறக்கவேண்டும் என்பதில்லை, மூடிக்கொண்டிருந்தாலே போதும். நாற்பத்தாறு வயது வரைக்கும் மருந்துக்கடைக்காரருக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

வண்டி அவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. கல்யாணமான புதிதில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துச் சுற்றிய மோட்டார் சைக்கிள். பதினெட்டு வருஷமாக ஷெட்டின் மூலையில், பழைய மெத்தைக்குப் பின்னால் கிடந்தது. ரிட்டையர் ஆவதற்குள் அதை மறுபடி ஓட்டிவிடவேண்டும் என்று மாமாவுக்கு ஒரு பிடிவாதம். தன் ஆபீஸ் வண்டிகளையெல்லாம் பார்க்கிற மெக்கானிக்கிடமே அதையும் கொடுத்தார்.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டிவிட்டார். இரும்பு சொன்னபடி கேட்டது. ரப்பர்தான் முரண்டு பிடித்தது. கைப்பிடி உறை, கால் வைக்கும் இடத்து ரப்பர், டேங்குக்கு அடியில் வரும் துண்டுகள் எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தன.

"எங்கிட்ட குடுங்க மாமா. ரெண்டு நாள்ல பூ மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சும்மா அளக்கவில்லை, விஷயம் தெரிந்தவர்தான். வலித் தைலங்களில் கலக்கிற எண்ணெய் ஒன்று உண்டு, மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அதில் ஒரு பங்கு, பெயிண்டில் கலக்கும் தின்னர் மூன்று பங்கு. அந்தக் கலவையில் ஊறவைத்தால் விறைத்த ரப்பர் இளகும். மணிக்கொரு தரம் எடுத்து அழுத்திப் பார்க்கவேண்டும், போதும் என்று தோன்றியதும் எடுத்துவிடவேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான்.

மெக்கானிக் ரப்பர் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு குட்டையான குழாயை எடுத்துக் காட்டினார். கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கிற குழாய்.

"இதை மட்டும் தொடாதீங்க சார். கெட்டியா இருந்தாலும் தாங்கும், கிளாம்ப் போட்டு இறுக்கிக்கலாம். இதுக்கு மாத்து எங்கயும் கிடைக்கல."

"சரி சரி, தெரியும்" என்றார் மருந்துக்கடைக்காரர். இந்த 'தெரியும்' என்ற சொல்லால் உலகத்தில் எத்தனை பேர் கெட்டார்களோ!

கைப்பிடி உறைகள் உண்மையிலேயே அருமையாக வந்தன. அக்கா அமுக்கிப் பார்த்து, "குழந்தை கன்னம் மாதிரி இருக்குடா" என்றாள். மாமா அன்றைக்கே அவருக்கு 'ரப்பர் டாக்டர்' என்று பட்டம் சூட்டினார். பட்டம் தலைக்கேறியது. மறுநாள் கடைக்கு வந்ததும், அவருடைய கை தானாகப் பெட்டிக்குள் போய் அந்தக் குழாயை எடுத்துக் கலவை இருந்த ஜாடிக்குள் போட்டது. மெக்கானிக்கே வாயைப் பிளக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

அப்புறம் மறந்துபோனார். வேறொன்றும் இல்லை, ஊரில் காய்ச்சல், கடையில் கூட்டம். இரண்டு நாள் கழித்து ஜாடி நினைவுக்கு வந்தபோது குழாய் ஒன்றரை மடங்கு உப்பி, தொட்டால் நசுங்கியது. மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் காயவைத்தார். பழைய அளவுக்குச் சுருங்கியது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இழுத்துப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. மற்ற சாமான்களோடு பெட்டியில் போட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வண்டியை எடுத்தார். அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். பட்டறைக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. மருந்துக்கடைக்காரர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்து வழியனுப்பினார்.

கால்மணி நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாற்சந்தியின் நட்டநடுவில் குழாய் கிழிந்து, என்ஜின் அணைந்து, பின்னால் பஸ் அலறி, மாமா பதறிக் காலை ஊன்றுவதற்குள் இருவரும் விழுந்திருந்தார்கள். அக்காவுக்குச் செருப்பு அறுந்ததோடு போயிற்று. மாமாவுக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்யா!" மாமாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "என் பொண்டாட்டி பின்னாடி உக்காந்திருந்தா. பஸ் ஏறியிருந்தா எவன் பதில் சொல்றது? ஒரு பைப்பை ஒழுங்கா மாட்டத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்கு ஒரு பட்டறை? நாளையிலேருந்து எங்க ஆபீஸ் வண்டி ஒண்ணும் இந்தப் பக்கம் வராது, பாத்துக்கோ."

மெக்கானிக் குனிந்து கிழிந்த குழாயைக் கழற்றினார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர் அக்காவின் அறுந்த செருப்பைக் கையில் எடுத்து வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவின் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான். அதே வாசம். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் போகவில்லை. 'நீயெல்லாம் ஒரு மனுஷனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்த கேள்விதான்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நேரே பட்டறைக்குப் போனார். வழக்கமாக ஆபீஸ் வண்டிகள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"அந்தக் குழாய்..." என்று ஆரம்பித்தார். "நான்தான்... ஊறவச்சேன். நீங்க வேணாம்னு சொல்லியும்."

"தெரியும் சார்."

"எப்ப தெரியும்?"

"மாட்டும்போது பெட்டி முழுக்க அந்த வாசம்தான். கைப்பிடியோட வாசம்னு நெனச்சுட்டேன். கிழிஞ்சப்புறம் உள்பக்கம் மோந்து பாத்தேன்ல, அப்பத் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! மாமா அவ்வளவு பேச்சு பேசினாரு, நீங்க ஏன் வாயைத் திறக்கல?"

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மருந்துக்கடைக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கேயே நின்று மாமாவுக்கு போன் போட்டு வரச்சொன்னார். மாமா ஆபீஸ் போகும் வழியில், கையில் கட்டோடு வந்து இறங்கினார். எதிரே டீக்கடையில் நேற்றைய முகங்கள் பாதிக்கு மேல் இருந்தன. மருந்துக்கடைக்காரர் ஒன்று விடாமல் சொன்னார். ஜாடி, இரண்டு நாள், மொட்டைமாடி, இழுத்துப் பார்க்காமல் விட்டது, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது வரைக்கும்.

மாமா முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மச்சினனின் தோளில் நல்ல கையைப் போட்டார்.

"அட விடு மாப்ளே. வேணும்னா செஞ்ச? நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சு. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு..." மெக்கானிக் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "நேத்து ஏதோ கோவத்துல... மனசுல வச்சுக்காதப்பா. வண்டியெல்லாம் மத்தியானம் வந்துடும்" என்றார்.

அவ்வளவுதான். நேற்று தெருவே கேட்ட பாட்டு, இன்று மூன்று பேருக்குள் முடிந்துபோயிற்று. மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. தோளில் கிடந்த கையை எடுத்துவிட்டார்.

"மாமா, நேத்து இவரைத் திட்டினீங்கல்ல? அதே மாதிரி என்னையும் திட்டுங்க. அதே சத்தத்துல."

மாமா சிரித்துவிட்டார். "பைத்தியமாடா உனக்கு? ஆபீசுக்கு நேரமாச்சு, வர்றேன்."

அவர் போய்விட்டார். மருந்துக்கடைக்காரர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! நேத்து அந்த வண்டியைக் கெடுத்தது இவரு இல்ல. நான்தான்! பக்கத்துல நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்ததும் நான்தான்!"

கடைசியில் குரல் கீச்சென்று உடைந்துபோயிற்று. டீக்கடையில் ஒருவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சு சார்" என்றார் மெக்கானிக், நிமிராமல். "நேத்தே சொல்லியிருந்தா, இவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்காது."