பாதி ஆலை வராத காலை

எண்பத்தேழாம் வருஷக் கடைசியில், முத்தியால்பேட்டையை ஒட்டியிருந்த அந்த நூற்பாலையில் கம்ப்யூட்டரை விற்றுவிடலாமென்று பேச்சு எழுந்தது. விற்றால் அதோடு, அதை இயக்கும் ஷரீபாவின் வேலையும் போகும். தையற்கடைக்காரர் தாஜுதீனின் மகள் அவள். கணக்கில் பட்டம் வாங்கி, மெட்ராஸில் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து வந்தவள்.

பேச்சைக் கிளப்பிவிட்டது கன்னியம்மாள். நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்பவள். ஒருநாள் மதியம் வந்தவளை, "உனக்குக் காலை ஷிஃப்ட்டும்மா, ஒருநாள் கூலி போச்சு" என்று வாட்ச்மேன் திருப்பியனுப்பினான். கம்ப்யூட்டர் அச்சடித்து, வாசலில் ஒட்டியிருந்த ஷிஃப்ட் தாளில் பெயர்களே கிடையாது. ஆளுக்கொரு நம்பர், பகுதிக்கொரு எழுத்து, நேரத்துக்கொரு குறி, அவ்வளவுதான். கன்னியம்மாள் தாளை விருட்டென்று கிழித்தெடுத்துக்கொண்டு மேனேஜர் நாராயணசாமியின் அறைக்குப் போனாள். பழைய ஆட்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரை இன்னமும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இதுல நான் எங்க இருக்கேன்னு காட்டுங்க முசே, பாப்போம்."

அவருக்கும் தெரியவில்லை. ஷரீபாவை அழைத்தார். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். சரிப்படலன்னா டைம்கீப்பர் கலியமூர்த்தி பழையபடி கையால எழுதட்டும்" என்றார்.

புரோகிராம் ஷரீபா எழுதியதல்ல. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி கொடுத்தது. அவர்களுக்குப் போன் போட்டாள். "புரோகிராம்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆளுங்கள நம்பரை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்தக் கோபத்திலேயே, அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவதென்று முடிவு செய்தாள்.

முதலில் சில நாள் காலையில் வாசலில் போய் நின்றாள். தாளைப் பார்க்கிற யாரும் தன்னை மட்டும் தேடவில்லை. "கொளஞ்சி எந்த ஷிஃப்ட்டு? அவன் சைக்கிள்லதான நான் வர்றேன்" என்று ஒருவன் கேட்டான். தவளக்குப்பத்துப் பெண்கள் ஒன்றாக பஸ் ஏறுகிறவர்கள். ஒருத்திக்கு ஷிஃப்ட் மாறினால் மற்றவர்களும் கலங்கிப்போனார்கள். யார் யாரோடு என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அடுத்து டைம் ஆபீஸுக்குப் போனாள். டைம்கீப்பர் கலியமூர்த்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"என் வேலையத் தின்ன வந்த பொட்டி அது. அதுக்கு நான் ஏம்மா ஒத்தாசை பண்ணணும்?"

"பொட்டி போனா நானும் போயிடுவேன் சார். இருந்துதுன்னா அதுக்கு முன்னாடி உக்காரப் போறது நீங்கதான், நான் இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் அவரை உட்காரவைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்றாலும் வாய் திறக்கமாட்டாள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே தவறு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே மாற்றிக் கொண்டுவருவாள். குறிகள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. திரையில் காலை, மதியம், இரவு என்று மூன்று பத்திகள் வந்தன. அம்புக்குறி போட்ட பொத்தானைத் தட்டினால் ஒரு பெயர் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. திரையில் பெயர்கள் இங்கிலீஷில்தான் வந்தன. தாளிலாவது தமிழில் வரவேண்டுமென்று கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளிபுள்ளியாக வரைந்து பிரிண்டருக்கு ஏற்றினாள். மற்றதெல்லாம் படிந்தது. 'ஷ' மட்டும் வெகுநாள் அடம்பிடித்தது.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை பாதிப்பேர் வேலைக்கு வரவில்லை. பழைய புரோகிராமில் முன்பே போட்டிருந்த தாள் பயனற்றுப் போனது. வந்தவர்கள் வாசலில் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, நாராயணசாமி டைம் ஆபீஸுக்குள் வேகமாக வந்தார்.

"போச்சு. இன்னைக்குப் பாதி மெஷின் நிக்கப்போவுது."

ஷரீபா வேண்டுமென்றே எட்ட நின்றாள். கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வராதவர்களின் பெயர்களை நீக்கினார். யாராவது வராவிட்டால் வேலை கிடைக்குமென்று வெளியே காத்திருந்த பதிலி ஆட்களைச் சேர்த்தார். ஷிஃப்ட் தெரிந்துகொள்ளக் காலையிலேயே வந்திருந்த கொளஞ்சியை மதியத்திலிருந்து காலைக்கு நகர்த்தினார், அவன் சைக்கிளில் வருபவனையும் சேர்த்து. ஒரு பெயரை நகர்த்தியதும் பெட்டி கீச்சென்று கத்தியது.

"அட, ராத்திரி வேலை பாத்தவன இல்ல காலைல போடுறேன்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

பிரிண்டர் அலறி முடித்த சூட்டோடு தாள் வாசலுக்குப் போனது. கொட்டை எழுத்துத் தமிழ். முதலில் கன்னியம்மாள்தான் விரல் வைத்துத் தேடினாள்.

"கன்னியம்மாள், காலை! ஏய், இங்க பாருங்கடி, நம்ம பேரு நம்ம எழுத்துல!"

ஒருவர் இன்னொருவருக்குப் படித்துச் சொல்ல, கூட்டம் கலகலவென்று உள்ளே போனது. சங்கு ஊதியபோது வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தான். நாராயணசாமி ஆலைக்குள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார். முகத்தில் நம்பமுடியாத ஒரு சிரிப்பு.

"ஒண்ணுகூட நிக்கலம்மா. பொட்டிய விக்கிற பேச்ச இதோட விட்டாச்சு."

கலியமூர்த்திக்கு அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க அதன்பிறகு மனமே வரவில்லை. மாசியில் ரெட்டியார்பாளையத்து ஆலைக்காரர்கள் பார்க்க வந்தபோது, தானே அம்புக்குறிகளைத் தட்டித் தட்டி உரத்த குரலில் விளக்கினார். மெட்ராஸ் கம்பெனியும் சேதி கேள்விப்பட்டு, புரோகிராமைத் தங்களுக்குத் தரமுடியுமா என்று மேனேஜருக்குப் போன் போட்டது.

"எழுதினது நான் சார். வேணும்னா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றாள் ஷரீபா.

நாராயணசாமி போனை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க" என்றாள்.