பால் பாக்கெட்டை யார் பிரித்தது

டீ போடத் தெரியுமா என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்புவார்களாம். நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. வலது கை பிறந்ததிலிருந்தே முழங்கையில் மடங்கியிருக்கும், விரல்கள் பிடிக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனி பில் போட ஆள் கேட்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி மையம், ‘தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார்’ என்று எழுதிக் கொடுத்தால் வேலை. இல்லையென்றால் என் சட்டைக்கு நானே பட்டன் போடப் பழகும் பயிற்சி.

பரிசோதிக்க வந்த ரேணுகா மேடம், மையத்தின் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பாவுக்கு டீ போடத் தெரியாது மேடம். ஆவடி ஃபேக்டரிக்கு இன்னிவரைக்கும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்காரு. அவரை யாரும் கேக்கலையே” என்றேன்.

சிரித்தார். சிரித்துவிட்டுப் பால் பாக்கெட்டைக் காட்டினார்.

அதற்கு என்னிடம் வழி உண்டு. அம்மா வீட்டில் இல்லாத நாட்களில் நானே பழகியது. பாக்கெட்டைக் கழுவி, மடங்கிய கைக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மூலையைப் பல்லால் கிழிக்க வேண்டும். இடுக்கினேன். குனிவதற்குள், துணைக்கு வந்து பின்னால் நின்றிருந்த அம்மாவின் கத்தரிக்கோல் வந்துவிட்டது.

“வாயால கடிச்சிகினு இருக்கும் மேடம், பாக்க நல்லாவா கீது?” என்றபடியே பாலையும் பாத்திரத்தில் ஊற்றிவிட்டாள்.

மீதியை நான்தான் செய்தேன். ஆனால் மேடம் படிவத்தில் ‘துணை தேவை’ என்ற இடத்தில் டிக் போட்டார். ஏன் என்று கேட்டேன். இன்னொருவர் கை பட்டால் அப்படித்தான் என்றார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “அவ கேக்கல மேடம், நானாத்தான் வெட்டினேன்” என்று கெஞ்சினாள். கேட்டாளா கேட்கவில்லையா என்று எழுத இதில் இடமில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார் மேடம். அடுத்த மாதம் வரைக்கும் கம்பெனிக்காரன் எனக்காகக் காத்திருப்பானா?

எதிர்க்கடைக்குப் போய் இன்னொரு பாக்கெட் வாங்கிவந்து அடுப்பின் முன்னால் நின்றேன்.

“அம்மா, நீ வெளிய நில்லு.”

“நான் இன்னாடி பண்ணிட்டேன்?”

“பொறந்ததுலேர்ந்து இதத்தான் பண்ற.”

போனாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

முதல் கடியில் பல் வழுக்கியது. இரண்டாவதில் கிழிந்து, சுடிதாரெல்லாம் பால் தெறித்தது. மிச்சத்தை ஊற்றி, டீத்தூளும் சர்க்கரையும் போட்டேன். கொதித்ததும் இடது கையால் இடுக்கியைப் பிடித்துத் தூக்கினேன். பாத்திரம் ஆடியது. மேடம் கையை நீட்டிக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

“கிட்ட வராதீங்க மேடம். நீங்க தொட்டாலும் டிக் எனக்குத்தான் விழும்.”

அப்படியே உட்கார்ந்தார். வடிகட்டியை டம்ளர் மேல் வைத்து ஊற்றினேன். கொஞ்சம் மேடையில் சிந்தியது. துணி எடுத்துத் துடைத்தேன்.

அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார். பிறகு பழைய டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகச் சொன்னார்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டு டம்ளரைக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள்.

“சக்கர கம்மி” என்றாள்.

“போட்டுக்கோ” என்றேன். சர்க்கரை டப்பாவை நகர்த்தித் தரவில்லை.