ஆசிட் ஒண்ணு

மாடிப்படிக்குக் கைப்பிடி பொருத்தியவன் எப்பாக்ஸிப் பசையைத் தாராளமாகச் சிந்திவிட்டு, வேலை முடிந்ததென்று போய்விட்டான். பதினாறு பளிங்குப் படிகளில் ஒன்பதில் அது சொட்டுச் சொட்டாக இறுகிக் கிடந்தது. அதை எடுக்கத்தான் மாப்பிள்ளையும் மச்சானும் வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை என்றதும் இளவட்டம் என்று நினைக்க வேண்டாம். வயது ஐம்பத்திரண்டு. தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு மச்சான் அப்படிக் கூப்பிடுகிறார், வேலையும் கொடுக்கிறார். இருபத்தைந்து வருடம் தரை தேய்க்கும் மெஷினோடு குடித்தனம் நடத்தியதில் மாப்பிள்ளைக்குக் காது பாதி போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. போன மாதம்தான் மச்சான் காது மந்தமான ஒரு ஆளை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். "நிறுத்துன்னு கத்தினா காதுல விழணும். விழாதவன மெஷின்கிட்ட விடமாட்டேன்" என்று காரணமும் சொன்னார். அன்றிலிருந்து மாப்பிள்ளை எதற்கும் தலையாட்டப் பழகிக்கொண்டார்.

வேலை நன்றாகத்தான் போனது. சூடான காற்றை அடித்தால் எப்பாக்ஸி இளகும். பிளாஸ்டிக் தகட்டால் நெம்பினால் பெயர்ந்து வரும். கல்லோடு ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் போக்குக் காட்டும். மேல்படியில் சூடு காட்டிக்கொண்டிருந்த மச்சான் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"மாப்ளே, அசிட்டோன்ல துணிய நனைச்சு மேல போட்டு வைங்க."

மாப்பிள்ளை காதில் விழுந்தது "ஆசிட் ஒண்ணு", அப்புறம் "துணி". பையில் பசையை இளக்கும் அசிட்டோனோடு ஆசிட்டும் இருந்தது, குளியலறை டைலுக்காக வாங்கியது. பளிங்குக்கு ஆசிட் ஆகாது என்று அவருக்குத் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். ஆனால் காலையிலிருந்து மூன்று முறை "என்ன?" கேட்டாயிற்று. நாலாவது முறை கேட்க வாய் வரவில்லை. மச்சான் ஏதோ புது வழி கண்டுபிடித்திருப்பார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு துணியை நனைத்து விரித்தார்.

கல் நுரைத்தது. துணியைப் பிடுங்கி வாளித் தண்ணீரைக் கொட்டுவதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்துவிட்டது. எப்பாக்ஸிப் படலம் மட்டும் ஒரு குறையுமில்லாமல் இருந்தது.

நெடி தாங்காமல் வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். "யாரு இதுல ஆசிட் ஊத்தச் சொன்னது?" என்று அவர் போட்ட சத்தம் மாப்பிள்ளைக்கே கேட்டது.

மச்சான் இறங்கி வந்தார். படியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அந்தம்மா பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். மாப்பிள்ளைக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை. ஆனால் அந்தம்மாவின் பார்வை தன்னைவிட்டு மச்சான்மேல் போனதையும், விரலை நீட்டி நீட்டிப் பேசியதையும், மச்சான் தலைகுனிந்து நின்றதையும் பார்த்தார். பழியை யார் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார் என்று புரிந்துகொள்ளக் காது தேவைப்படவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் நின்றால் வேலை போகாது என்பதும் தெரிந்தது.

"அவரு சரியாத்தாங்க சொன்னாரு. எனக்குத்தான் காது கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல."

சாதாரணக் குரலில் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.