டீச்சரைத் திட்டச் சொன்ன அதிகாரி

திண்டிவனத்தில் இருட்டோடு எழுந்து, சமைத்து, படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு உடம்பு துடைத்துவிட்டு, விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அங்கே டவுன் பஸ் பிடித்து இந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் என் பாதி உயிர் போய்விடும். மீதியை ஐந்தாம் வகுப்பு வாங்கிவிடும். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த நாள் முதல் மத்தியானச் சோற்றைப் பக்கத்து வீட்டு ஹலீமா பீவிதான் ஊட்டிவிடுகிறார். பாவம், அவரும் எத்தனை காலம் செய்வார்? திண்டிவனத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுப்பணி கேட்டிருந்தேன்.

ஆய்வு அதிகாரி சக்கரபாணி போனில் சொன்னார். "வெள்ளிக்கிழமை வர்றேன்மா. தமிழ்ல உருவகம் கேப்பேன். பசங்க நல்லா சொன்னா அன்னிக்கே உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அன்றிலிருந்து உருவகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"'அம்மா நிலா மாதிரி'ன்னா உவமை. அந்த 'மாதிரி'யைத் தூக்கிப் போடு. 'அம்மா நிலா.' இதான் உருவகம். புரியுதா?"

எங்கே புரிந்தது! ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"எங்கம்மாவப் போயி அப்டியெல்லாம் சொல்லக் கூடாது டீச்சர்."

"ஏண்டா, நிலா நல்லதுதானே?"

அன்புச்செல்வி எழுந்தாள். வகுப்பிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். "டீச்சர், 'எருமை மாதிரி நின்னுக்கினு இருக்கியே'ன்னு நீங்க சொன்னா, அது கொஞ்சம் கோவம். 'எருமை'ன்னு மட்டும் சொன்னா நெஜமாவே கோவம். மாதிரி இல்லாம சொன்னா அது திட்றது டீச்சர்."

அடிப்பாவி! நான் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. இந்தப் பிள்ளைகளை இதுவரை யார் நிலா என்று சொன்னார்கள்? வீட்டில் கழுதை. அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனால் மேஸ்திரி வாயில் மாடு. இங்கே வந்தால் நான் சொல்கிற எருமையும் தண்டமும் சனியனும். 'மாதிரி' போட்டுத் திட்ட எனக்குத்தான் எங்கே நேரம்?

"பாராட்டவும் உருவகம் இருக்குடி. தங்கம், சிங்கம், மயில்…" என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். இது போதும், கடவுளே, ஒரு நாளைக்கு மட்டும் தாங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சக்கரபாணி வந்தார். உவமை கேட்டார், மளமளவென்று சொன்னார்கள். உருவகம் கேட்டார், "அம்மா நிலா" என்று கூரை அதிரக் கத்தினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது மனப்பாடம். புதுசா ஒண்ணு சொல்லுங்க. உங்க டீச்சரைப் பத்தியே ஒரு உருவகம் சொல்லுங்க பாப்போம்."

எல்லாத் தலையும் கீழே குனிந்தது.

"பயப்படாதீங்க. டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'விளக்கு, விளக்கு' என்று உதட்டை அசைத்தேன். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன்! அன்புச்செல்வி என் உதட்டை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மாட்டோம் சார்."

"என்ன மாட்டீங்க?"

"எங்க டீச்சரை நாங்க திட்ட மாட்டோம். வேணும்னா என்னியச் சொல்றேன். அன்புச்செல்வி எருமை. அன்புச்செல்வி தண்டம்."

சின்னக்கண்ணுவும் எழுந்துவிட்டான். "சின்னக்கண்ணு கழுதை சார்."

"அலெக்ஸ் சனியன்."

ஒவ்வொன்றாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டது. ஒரு தப்பு இல்லை. ஒன்றில்கூட 'மாதிரி' இல்லை.

"என்னம்மா இது கண்றாவி?" என்றார் சக்கரபாணி.

"எல்லாம் உருவகம்தான் சார்" என்றேன்.

"கிளாஸ் இந்த லட்சணத்துல இருக்கு. உங்களை எப்டிம்மா அனுப்பறது? இந்த வருஷம் இங்கயே இருந்து இதுங்களை ஒழுங்கு பண்ணுங்க." பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. இனி ஹலீமா பீவியிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு சாத்து சாத்தலாமா என்று வந்த ஆத்திரம், கை தூக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே அடங்கியது.

அன்புச்செல்வி பக்கத்தில் வந்தாள். "எத்தினி வாட்டி கேட்டாரு! ஒர்த்தரும் உங்கள வுட்டுக்குடுக்கல டீச்சர்." முகமெல்லாம் பெருமை. "கடைசில இன்னா டீச்சர் சொல்ட்டுப் போனாரு?"

"உங்களை வுட்டுட்டு நான் எங்கயும் போகக் கூடாதாம்."

வகுப்பே கைதட்டியது.