நீல வரிசை

பெயிண்டம்மா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு போர்வையைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கண்காட்சிக் கூடத்தில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், இது ஏதோ புதுவகை ரசனை போலிருக்கிறது என்று நினைத்துத் தாங்களும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் கவனத்தில் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்துப் போன வாரம்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள். இடது கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. அதனால் உலகம் இப்போது அவளுக்கு இரண்டாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் டீயில் நனைத்து எடுத்ததுபோல் தெரிந்தது. வலது கண்ணால் பார்த்தால் பளிச்சென்று கழுவி விட்டதுபோல் இருந்தது.

டீ நிறக் கண்ணில் அது அவள் செய்த போர்வைதான். பழுப்பு, செம்மண், சருகு நிறச் சதுரங்கள். நடுவே குறுக்காக ஓடும் ஒரு கரிநிற வரிசை. கழுவிய கண்ணில் அந்த வரிசை கரி இல்லை. நீலம். மை கொட்டியது மாதிரி அப்பட்டமான நீலம். அந்த நீலத்தால், சுற்றியிருந்த பழுப்பெல்லாம் அடுப்பில் வைத்ததுபோல் கனன்றது. கீழே ஒட்டியிருந்த அட்டையில் அவள் பெயரும், நிறத்தேர்வுக்கான முதல் பரிசு என்பதும் எழுதியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடைக்கு அழைப்பார்கள்.

பெயிண்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். பெயிண்ட் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள். பெயர்ந்த சுவர்ச்சில்லு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "இதே கலர் வேணும்மா" என்பார்கள். அதை வாசல் வெளிச்சத்தில் ஒருதரம், உள்நிழலில் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக் கொடுப்பாள். காய்ந்தபின் பழைய சுவர் எங்கே முடிந்தது என்று அடித்தவனுக்கே தெரியாது. கலவை இயந்திரம் வந்த பிறகும் முதலாளி டப்பாவைத் திறந்து அவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

வேலையை விட்ட பிறகு அந்தக் கண் முழுவதும் போர்வைகளுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி கிடையாது. தரை காலியாக இருந்தால்தானே போர்வை விரிக்கலாம்? வருகிறவர்கள் கட்டிலில்தான் உட்காரவேண்டும். துண்டு வெட்டுவது அவள் கணவர் பாடு. லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்; எஃகு ஸ்கேல் வைத்து அவர் வெட்டிய சதுரங்களை அடுக்கினால் சீட்டுக்கட்டு மாதிரி நிற்கும். மகன் பஸ் ஓட்டுகிறவன். அவன் தையல் நுணுக்கமானது. டிரிப்புக்கு நடுவே கிடைக்கிற இடைவேளையில் ஸ்டியரிங்மேல் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பான். "நம்ம வண்டிக்கும் ஒரு போர்வை போட்டு விடுப்பா, குளிருதாம்" என்று கண்டக்டர் கிண்டல் பண்ணுவார். அவன் ஊசியை நிறுத்தாமலே சிரிப்பான்.

மருமகள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கூரியர் அலுவலகத்தில் வேலை. வந்த புதிதில், "இதெல்லாம் கடையில ரெடிமேடா கிடைக்குமே அத்தை?" என்று கேட்டுவிட்டு, மூன்று பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டவள். பார்சல் கட்டிப் பழகிய கை என்பதால், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் சேர்த்துப் பிடித்து நூலோட்டுகிற வேலையை அவளிடம் விட்டார்கள். இப்போது அவளும் சாப்பாட்டு நேரத்தில் நூல் தடிமன் பற்றி வாதாடுகிற ஆளாகிவிட்டாள். ஆனால் நிறம் மட்டும் பெயிண்டம்மாவுடையது. எந்தத் துண்டு எதற்குப் பக்கத்தில் என்று அவள் தரையில் பரப்பி வைத்துவிட்டால், அப்புறம் அதில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அந்த நீலத்தைக் கண்டதும் முதலில் அவளுக்குத் தோன்றியது வேறு. கண் மங்கிப்போய், கரி நிறம் என்று எண்ணி நீலத்தை எடுத்து வைத்துவிட்டேனா? அப்படியானால் இந்தப் பரிசு ஒரு தடுமாற்றத்துக்குக் கிடைத்தது. ஆனால் கிட்டப் போய்த் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. இந்தத் துணியை அவள் தொட்டதே இல்லை; பரப்பி வைத்ததோடு சரி, தைத்து முடித்த போர்வையை அவள் கையில் எடுக்கவில்லை. வீட்டுப் பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு துணியும் அவள் விரலுக்குத் தெரியும். இது வேறு, கொஞ்சம் வழவழப்பு.

கணவர் பக்கத்தில் நின்று மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது மறைக்கவேண்டுமென்றால் அவர் எப்போதும் மேலேதான் பார்ப்பார்.

"ஏங்க, இந்த வரிசை யாரு வச்சது?"

"எந்த வரிசை?"

"இந்தப் பசப்பெல்லாம் என்கிட்ட வேணாம். நீங்கதானே வெட்டினீங்க?"

அவர் கீழே பார்த்தார். "வெட்டினது நான்தான். வச்சது…" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்த மருமகளைக் கண்ணால் காட்டினார். பின்னாலேயே வந்த மகன் விஷயம் புரிந்து, சட்டென்று பக்கத்துப் பொம்மைக் கடைமீது பெரிய அக்கறை வந்தவன்போல் நகர்ந்தான். பெயிண்டம்மா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"நீயும்தானா? எல்லாருமா சேர்ந்தா?"

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்குத்தான் கண்ணு தெரியல, அவங்களுக்காவது தெரியட்டும்."

மருமகள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க அந்த வரிசைல வச்சிருந்தது ஒரே கலர் இல்ல அத்தை. கருப்பு, கரும்பச்சை, திராட்சை ஊதான்னு கலந்து கிடந்துச்சு. உங்களுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு. நீங்க குளிக்கப் போனப்ப எடுத்துட்டேன்."

"என்கிட்ட சொல்ல வாய் இல்லையா?"

"நான்தான் வேணாம்னேன்" என்றார் கணவர். குரல் தாழ்ந்திருந்தது. "உன் கண்ணு மங்கிட்டு வருதுன்னு உன்கிட்ட யாரு சொல்றது? அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்னு உன்னைக் கேட்டுட்டுப் போனாரு. நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த. எனக்கு மனசு வரல."

அவளுக்குக் கோபம் வந்தது. கண் மங்கியதற்காக அல்ல. வயசானால் மங்கும், எடுத்தால் சரியாகும். தன்னைச் சுற்றி இத்தனை நாள் மூன்று பேர் பூனை மாதிரி நடந்திருக்கிறார்கள் என்பதுதான் சுட்டது. ஆனால் அந்தக் கோபத்தின் நடுவிலும் அவளால் போர்வையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பாழாய்ப்போன அந்த நீலம் அவ்வளவு சரியாக இருந்தது.

"சரி. நான் வச்சது தப்பு, எடுத்துட்ட. கரி நிறம்தான் நான் நினைச்சதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீங்களே சொன்னீங்க."

"பெட்டில கரித்துணி இல்லையா?"

மருமகள் பாட்டிலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இருந்துச்சு அத்தை. நிறையவே இருந்துச்சு. வச்சும் பாத்தேன். செத்துப் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் என்னோட பாவாடை ஒண்ணு, புதுசுதான், அதை மாமாகிட்ட கொடுத்து வெட்டச் சொன்னேன்."

"அப்ப நீ திருத்தல. மாத்திட்ட."

"ஆமா" என்றாள் மருமகள். மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் சிவந்திருந்தாலும் பார்வை இறங்கவில்லை. இந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒரு அழுத்தம் இருப்பது இரண்டு வருடமாகத் தன் கண்ணில் படவில்லையே என்று பெயிண்டம்மாவுக்கு வியப்பாக இருந்தது. அதற்குப் புரையைக் குறை சொல்ல முடியாது.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். வீட்டார் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெயிண்டம்மா கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெயிண்ட் கடையின் ஆண்டு விழாவில் ஏற்கெனவே ஒருமுறை ஆகியிருக்கிறது.

விழாத் தலைவர் கேடயத்தை நீட்டினார். அவள் வாங்காமல் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கலருக்குப் பரிசுன்னு சொல்றீங்க. அந்தப் போர்வைல இருக்குற பழுப்பெல்லாம் என்னோடது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். நடுவுல ஓடுதே நீலம், அது நான் வைக்கல. அந்த நீலம் இல்லாம இதை இங்க தொங்க விட்டிருந்தா நீங்க பாக்காமலே தாண்டிப் போயிருப்பீங்க. நானும்தான். அதை வச்சது என் மருமக. என்னைக் கேக்காம, எனக்குத் தெரியாம, என் கண்ணு சரியில்லாத நேரம் பாத்து வச்சிருக்கா. அந்தக் கணக்கை வீட்ல வச்சுத் தீத்துக்குறேன். இப்ப அவளும் மேல வரட்டும்."

கூடம் சிரித்தது. மருமகள் வர மறுத்து, கணவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, கடைசியில் மாமனார் தள்ளிவிட்டு மேடை ஏறினாள். கேடயத்தின் ஒரு பக்கத்தைப் பெயிண்டம்மா பிடித்துக்கொண்டாள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னபோது மருமகள் உதடு அசையாமல், "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தை" என்றாள்.

"நீ சொன்னியா?" என்றாள் பெயிண்டம்மா, அதேபோல் உதடு அசையாமல்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரிடம், "இனிமே என் விஷயத்துல எனக்குத் தெரியாம நீங்க மூணு பேரும் நல்லது பண்ணாதீங்க. கெட்டதா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "உன் குழம்புல கொஞ்ச நாளா உப்பு ஜாஸ்தி" என்றார். அவள் அவரை முறைத்தாள். மகன் இருமுவதுபோல் சிரித்தான்.

இடது கண்ணிலும் புரை எடுத்துக் கட்டுப் பிரித்தபின் ஒரு விடுமுறை நாள் காலையில் அடுத்த போர்வையைத் தொடங்கினார்கள். பெயிண்டம்மா துணிப்பெட்டியை மருமகள் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ வை. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். நம்பாமல் மகன் அவளைப் பார்த்தான்.

மருமகள் மண்டிபோட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை. மூலையில் ஒரு கத்திரிப்பூ நிறம். பெயிண்டம்மா உள்ளுக்குள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு மருமகள் ஓர் எலுமிச்சை மஞ்சள் சதுரத்தை எடுத்து, யோசிக்காமல், அத்தனை வெள்ளைக்கும் நடுவில் வைத்தாள்.

"அதை எடு" என்றாள் பெயிண்டம்மா.

"எடுக்க மாட்டேன் அத்தை."

"கண்ணைக் குத்துது."

"குத்தட்டும்."

மின்விசிறிக் காற்றில் துண்டுகளின் ஓரங்கள் ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொள்ளத் தொடங்கின. மகன் எழுந்துபோய் அதை நிறுத்தினான். கணவர் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அறைவாசலில் ஒற்றைக் காலில் நின்றார். பெயிண்டம்மா முழங்காலால் நகர்ந்து தரையின் நடுவுக்கு வந்து, மஞ்சளுக்கு மேலே கையை நீட்டினாள். மருமகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் சதுரங்களின்மீது மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சளை எட்ட இன்னும் ஒரு சதுரம்தான் பாக்கி. வெயிலிலும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று கை அங்கேயே நின்றது.